வானுக்கு ஒரு துறை, கடலுக்கு ஒரு துறை: 2005 மும்பை வெள்ளம் காட்டிய இடைவெளி

2005 ஜூலை 27 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டுமே. இரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 30 கி.மீ.க்கும் குறைவு. தமிழர்கள் அடர்ந்து வாழும் மாட்டுங்கா, சயான் கோலிவாடா, தாராவி ஆகிய பகுதிகள் இந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இருக்கின்றன. அவற்றில் எந்தத் தெருவில் எவ்வளவு பெய்துகொண்டிருக்கிறது என்பதை அன்று மாலை உடனுக்குடன் சொல்லக்கூடிய ஏற்பாடு எதுவும் நகரில் இல்லை.

அந்த வெள்ளத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு அதை ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறது. அரசுத் துறையும் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கும்போது, வானிலையையும் கடலையும் தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு சங்கம் எதற்கு? சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு மாநாடு, பொன்னாடை, குழுப்படம் என்று பழகிப்போன நமக்கு, மும்பைத் தமிழர்களாகிய நமக்கோ சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லாததால் இன்னும் கூடுதலாக, இந்த ஐயம் எழுவது இயல்பு. என் கருத்தில், 2005-இல் குறைபட்டது அறிவு அன்று. வெவ்வேறு அலுவலகங்களில் கிடந்த அறிவை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு யாருடைய பணி விதிகளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்தப் பொறுப்பைத் தானாக முன்வந்து ஏற்கக்கூடிய அமைப்பு ஒரு தொழில்சார் அறிவியல் சங்கமே.

அன்று பிற்பகல்

காலையில் சாந்தாகுரூஸில் பெய்த மழை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு நிலைமை மாறியது. அடுத்த நான்கு மணி நேரத்தில் சுமார் 481 மி.மீ. கொட்டியது, அதன் உச்சத்தில் ஒரே மணி நேரத்தில் 190 மி.மீ.க்கு மேல் பெய்தது. இன்றைய இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது அதிகனமழை. அதற்கு மேல் எண்ணளவால் வகுக்கப்பட்ட வேறு வகை கிடையாது. ஆக, அந்த அட்டவணையின் கடைசி எல்லையைப் போல நான்கரை மடங்குக்கு மேல் அன்று ஒரே இடத்தில் பெய்திருக்கிறது. 1974 ஜூலையில் கொலாபாவில் ஒரு நாளில் 575 மி.மீ. பெய்ததுதான் அதுவரை மும்பைக்காரர்கள் நினைவில் வைத்திருந்த பெரிய மழை.

மழை பெய்த அளவு மட்டும் நகரை மூழ்கடிக்கவில்லை. மும்பையின் மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையை, அதுவும் கடல் வற்றத்தில் இருக்கும் நேரத்தில், வெளியேற்றும் கணக்கில் அமைந்தவை. 1985 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கப்பட்டு 1993-இல் முடிந்த, நகரின் மழைநீர் வடிகால்களைப் பற்றிய பிரிம்ஸ்டோவாட் அறிக்கை இந்தக் கொள்ளளவை இரட்டிப்பாக்கச் சொன்னது. அந்தப் பணிகளில் பெரும்பகுதி 2005 வரை கிடப்பிலேயே கிடந்தது. வடிகால்கள் கடலில் சென்று சேரும் வாய்களில் பெரும்பாலானவை கடலின் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருப்பதால், கடல் உயரும் மணிகளில் தண்ணீர் வெளியே போகாது. மதகு இல்லாத இடங்களில் கடல்நீரே வடிகாலுக்குள் ஏறும். 2005 ஜூலை 26 அன்று ஏற்றத்தின் உச்சம் 4.48 மீட்டர். அது நிகழ்ந்தது பிற்பகல் நான்கு மணியை ஒட்டி, அதாவது மழையின் உச்சமும் கடலின் உச்சமும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்தன. விகார், பவாய் ஏரிகளின் வழிநீரைச் சுமந்து, விமான நிலையத்தைக் கடந்து, தாராவியின் விளிம்பை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் சேரும் மித்தி ஆறு இருபக்கமும் பெருகியது. மும்பையில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாக்கிநாக்கா மண்சரிவில் புதைந்தவர்களும், தண்ணீர் சூழ்ந்த கார்களுக்குள் மூச்சுத்திணறி இறந்தவர்களும் அவர்களில் அடக்கம்.

இங்கே ஒரு நிதானம் தேவை. கடல் ஏற்றம் இல்லாதிருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மணிக்கு 25 மி.மீ. என்ற கணக்கில் நான்கு மணி நேரத்துக்கு 100 மி.மீ.தான் வெளியேறும், பெய்ததோ அதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. கடல் தணிந்திருந்தாலும் குர்லாவும் கலீனாவும் மூழ்கியிருக்கும். ஆனால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தண்ணீர் வடியவே வடியாது, அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஆட்களை வெளியே விடலாமா கூடாதா என்ற முடிவு முழுக்க முழுக்க ஏற்றத்தின் நேரத்தைச் சார்ந்தது. பலர் சிக்கிக்கொண்டதும் வீடு திரும்பும் வழியில்தான்.

யாரிடம் என்ன இருந்தது

ஏற்றத்தின் நேரமும் உயரமும் யாருக்கும் தெரியாத மறைபொருள்கள் அல்ல. சூரியன், சந்திரன் ஆகியவற்றின் ஈர்ப்பைக் கொண்டு கணக்கிடப்படும் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணைகளை இந்திய நில அளவைத் துறை முன்கூட்டியே அச்சிட்டு வெளியிடுகிறது. மும்பையின் அப்பல்லோ பந்தருக்கான எண்களும் அதில் உண்டு. மழையைக் கணிக்கும் கடமை வானிலை ஆய்வு மையத்தினுடையது. வடிகாலின் கொள்ளளவும், அதன் வாய்களின் மட்டமும் மாநகராட்சிப் பொறியாளர்களின் வரைபடங்களில் இருந்தன. கடலைப் பற்றிய ஆராய்ச்சி 1966-இல் தொடங்கப்பட்ட கோவா தேசியப் பெருங்கடலியல் நிறுவனத்திடமும், கடல் தகவல் சேவை 1999-இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் இன்காய்ஸ் மையத்திடமும் இருந்தன. 2005-இல் வானிலை ஆய்வு மையம் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழும், இன்காய்ஸ் பெருங்கடல் மேம்பாட்டுத் துறையின் கீழும் இயங்கின. வானும் கடலும் தில்லியிலேயே வேறுவேறு கோப்புகளில் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

கருவிகளின் நிலையும் அப்படித்தான். இந்திய வானிலை மையத்தின் முதல் டாப்ளர் ரேடார் 2002-இல் சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மேல் பொருத்தப்பட்டது. அடுத்து வந்தவையும் வங்கக் கடலின் புயல்களை முன்னிட்டுக் கிழக்குக் கரைக்கே போயின. அந்த முன்னுரிமையில் தவறு காண முடியாது, புயல்கள் பெரும்பாலும் அங்குதான் வருகின்றன. ஆனால் மும்பையின் வானத்தில் அன்று சுமார் 15 கி.மீ. உயரம் வரை எழுந்து நின்ற மேகத் திரளை, அது எங்கே எந்த வேகத்தில் கொட்டுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டக்கூடிய டாப்ளர் ரேடார் மும்பையில் இல்லை. மும்பைக்கு அது வந்தது சில ஆண்டுகள் கழித்தே. 20, 30 கி.மீ. அகலத்துக்குள் அடங்கிய அந்த மழையை அன்றைய கணினி மாதிரிகள் உரிய இடத்திலும் உரிய அளவிலும் பிடிக்கத் தவறின. அவை நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களே பெரும்பாலும் அதைவிடப் பெரியவை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

இவற்றில் எந்த ஒன்றையும் ஒரு சங்கம் செய்திருக்க முடியாது. சங்கம் ரேடார் வாங்காது, வடிகால் வெட்டாது, எச்சரிக்கை விடும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. ஆனால் ஓத அட்டவணையை எழுதுபவரும், மழைக் கணிப்பாளரும், வடிகால் பொறியாளரும் பதவி வரிசை பார்க்காமல் ஆண்டுதோறும் சந்தித்து, ‘மணிக்கு 100 மி.மீ. மழையும் நாலரை மீட்டர் ஏற்றமும் சேர்ந்து வந்தால் இந்த நகரம் என்னவாகும்’ என்று கேட்கும் வழக்கம் 2005-க்கு முன்பே வேரூன்றியிருந்தால், விடை தெரியாவிட்டாலும் கேள்வியாவது தயாராக இருந்திருக்கும். துறைகளுக்கு இடையிலான அரசுக் கூட்டத்தில் அவரவர் தத்தம் துறையின் நிலைப்பாட்டைப் பேசுவார்கள். சங்கத்தில் பேசுபவர் தம் பெயரில், தம் அறிவின் பொறுப்பில் பேசுகிறார். கூட்டக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

வதந்தி

வெள்ளம் வடியத் தொடங்கிய பின், ஜூலை 28 இரவில், ஜூஹுவை ஒட்டிய நேரு நகர் குடிசைப் பகுதியில் சுனாமி வருகிறது, அணை உடைந்துவிட்டது என்ற வதந்தி பரவியது. குறுகிய சந்துகளில் மக்கள் ஓட, நெரிசலில் சிக்கிக் குறைந்தது 15 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். ஏழே மாதங்களுக்கு முன் 2004 டிசம்பர் 26 சுனாமி தமிழகக் கரையை அடித்துச் சென்றிருந்தது. அந்தக் காட்சிகள் எல்லாருடைய கண்ணிலும் பசுமையாக இருந்தன. மழை சுனாமியை உண்டாக்காது என்பது கடலியல் படித்த எவருக்கும் தெரிந்த எளிய செய்தி. அதை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அந்த இரவிலேயே சொல்லி, மக்கள் ‘இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று நம்பக்கூடிய முகம் எதுவும் நகருக்கு இருக்கவில்லை. இந்த வெள்ளத்தில் முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் இவைதான் என்று நான் கருதுகிறேன்.

நம்பிக்கையான முகங்களை உருவாக்குவது சங்கங்கள் பிற நாடுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. 1919-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வானிலைச் சங்கம், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்களின் தகுதியைச் சோதித்து ஒப்புதல் முத்திரை வழங்கும் திட்டத்தை 1957-இல் ஏற்படுத்தியது. கனடாவின் சங்கமும் ஊடக வானிலையாளர்களுக்கு ஒப்புதல் தருவதுடன், தனியார் ஆலோசகர்களுக்குத் தகுதிச் சான்றும் அளிக்கிறது. இங்கே இன்று வெதர்மேன் என்ற அடைமொழியுடன் சமூக ஊடகங்களில் வானிலை சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே தேர்ந்தவர்கள். சிலர் ஒரு செயற்கைக்கோள் படத்தைச் சிவப்பாக்கிப் போட்டு ஊரைக் கலக்குபவர்கள். இருவரையும் பிரித்தறிய வாட்ஸ்ஆப்பில் படிக்கும் தாராவிவாசியிடம் எந்த அளவுகோலும் இல்லை. அரசே அதைச் செய்தால் தணிக்கை என்ற பேச்சு வரும், அதில் நியாயமும் இருக்கும். தொழில் செய்பவர்களே கூடித் தம்மவர்களின் தகுதியை உறுதிப்படுத்துவதுதான் நாகரிகமான வழி.

ஆய்வு வெளிவந்த விதம்

சங்கங்களின் பயன் என்று எடுத்துக்காட்ட இந்த நிகழ்விலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டே, 2006-இல், அந்த மழையின் பதிவுகளையும் கணிப்பில் நேர்ந்தவற்றையும் பற்றி வானிலை மையத்தைச் சேர்ந்தவர்களும், கணினி மாதிரிகள் தந்த குறிப்புகள் எவ்வளவு சரியாக இருந்தன என்று பிற அரசு விஞ்ஞானிகளும் கரன்ட் சயின்ஸ் இதழில் கட்டுரைகள் வெளியிட்டனர். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் அந்த இதழை நடத்துவது அரசுத் துறை அன்று. கரன்ட் சயின்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம், இந்திய அறிவியல் அகாடமியுடன் இணைந்து நடத்துகிறது. அரசு ஊழியர் ஒருவர் தம் துறையின் கணிப்பு எங்கே குறைபட்டது என்று, சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு உட்பட்டு, எவரும் படிக்கும்படி எழுதியிருக்கிறார் என்றால் அதற்கு இடம் கொடுத்தது ஒரு சங்கம். அதே செய்தி உள்துறைக் குறிப்பாக மட்டும் போயிருந்தால், இன்று மும்பை மழையைப் பற்றி ஆராயும் மாணவர் எவரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

இது புதிதன்று. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் அரசு வானிலையாளர் அல்லர், முன்னாள் வணிகக் கப்பல் தலைவர். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, வங்கக் கடல் புயல்கள் எப்படிச் சுழல்கின்றன என்று 1839 முதல் அவர் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளை வெளியிட்டது வங்காள ஆசியச் சங்கத்தின் இதழ். ‘சைக்ளோன்’ என்ற பெயரை 1848-இல் வைத்தவரும் அவரே. மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைத்தால் புயல் அலை அதை ஒரு நாள் அடித்துச் செல்லும் என்று 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். ஆனாலும் அங்கே போர்ட் கானிங் என்ற அந்தத் துறைமுகம் கட்டப்பட்டது. 1867-இல் புயல் அதைச் சிதைத்தது. இந்திய வானிலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது 1875-இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். துறை பிறப்பதற்கு முன்பே, காற்றையும் கடலையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஒரு சங்கத்தின் இதழில் பிறந்துவிட்டது.

நம் சங்கங்கள்

இந்திய வானிலையியல் சங்கம் 1956-இல் நிறுவப்பட்டது. தில்லி லோதி சாலையில் வானிலை மையத்தின் தலைமையகமான மௌசம் பவனிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. வாயு மண்டல் என்ற இதழை நடத்துகிறது. டிராப்மெட் என்ற தேசியக் கருத்தரங்கைக் கூட்டுகிறது. மும்பை உட்படப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. கடலுக்கு, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் சங்கம் தனியாக இயங்குகிறது. 2006 ஜூலையில் புவி அறிவியல் அமைச்சகம் உருவானபோது அரசு வானிலை மையத்தையும் இன்காய்ஸ் போன்ற கடல் நிறுவனங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்துவிட்டது. தன்னார்வமாகக் கூடும் அறிஞர்களோ இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள். கனடாவில் வானிலைச் சங்கமாக இருந்த அமைப்பு 1977-இல் கடலியலாளரையும் சேர்த்துக்கொண்டு பெயரையே மாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியச் சங்கமும் இரண்டையும் சேர்த்தே பெயரில் வைத்திருக்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் நாட்டில், பருவமழையே கடலிலிருந்து பிறக்கும் நாட்டில், அவ்வாறு நேராதது வியப்புக்குரியது.

வானிலைச் சங்கம் வானிலை மையத்தின் வளாகத்திலேயே இருப்பதைப் பற்றியும் ஒரு சொல். கருவியும் தரவும் நூலகமும் பக்கத்திலேயே கிடைப்பது அதன் வசதி. ஒரு கணிப்பு பொய்த்த மறுவாரம், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அமர்ந்து அதை வெளிப்படையாக விமர்சிப்பது மனிதர்களுக்கு எளிதன்று என்பது அதன் சங்கடம். பல்கலைக்கழக ஆசிரியர்கள், தனியார் நிறுவனத்தார், மாநகராட்சிப் பொறியாளர்கள், மீனவர் அமைப்பினர் ஆகியோர் உறுப்பினராகப் பெருகினால் இந்தச் சங்கடம் தானாகக் குறையும்.

2005-க்குப் பிறகு மும்பை எதுவும் கற்கவில்லை என்று சொல்வது அநியாயம். வெள்ளத்தை ஆராய மாநிலம் அமைத்த சித்தளே குழு 2006-இல் விரிவான அறிக்கை தந்தது. அதே ஆண்டில் மாநகராட்சி 35 தானியங்கி மழைமானிகளை நிறுவியது. இரண்டு நிலையங்களை மட்டும் நம்பிய நகருக்கு அது பெரிய மாற்றம். கடற்கரையோரம் நீரேற்று நிலையங்கள் எழுந்தன. 2020 ஜூன் 12 அன்று ஐஃப்ளோஸ்-மும்பை என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. மழைக் கணிப்பு, ஆற்றின் போக்கு, வடிகால், ஓதம், புயல் அலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு எந்த வார்டில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முயலும் அந்த அமைப்பின் உருவாக்கத்தில் சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையத்துக்கும் பங்குண்டு. மழையையும் கடலையும் ஒரே கணக்கில் சேர்க்க வெள்ளத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் 2017 ஆகஸ்ட் 29 அன்று சாந்தாகுரூஸில் 331 மி.மீ. பெய்து நகரம் மறுபடியும் நின்றது.

மாநகராட்சி ஒவ்வொரு பருவமழைக்கும் முன் நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. செய்தித்தாள்களும் அதை அச்சிடுகின்றன. தாராவியில் இட்லி அவித்து, விடியற்காலையில் பாத்திரங்களைத் தலையில் ஏற்றி நகரெங்கும் விற்கப் போகும் ஒருவருக்கு இந்தப் பட்டியலால் மட்டும் என்ன பயன்? மாவு அரைப்பதற்கு முன், முந்தின இரவே, ‘நாளை காலை ஏழு மணிக்கு மேல் கிங் சர்க்கிள் வழி மூழ்கலாம், பதினொரு மணிக்கு மேல் வடியலாம்’ என்ற அளவில் ஒரு செய்தி, அவர் மொழியில், அது பொய்க்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்து வேண்டும். அதைக் கணக்கிடும் திறன் இன்று நாட்டில் இருக்கிறது. அந்தச் செய்தி எந்த ஆண்டு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை வீணாக மக்களை வீட்டில் முடக்கியது என்று சரிபார்த்து வெளியிட, கணிப்பை வெளியிடும் அலுவலகத்தைச் சாராத ஒரு கண் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. பருவமழை விலகும் அக்டோபரில் வானிலைச் சங்கத்தின் மும்பைக் கிளையும் பெருங்கடல் சங்கமும் சேர்ந்து ஒரு நாள் கூடினால் போதும்: மாநகராட்சி மழைமானிகளின் பதிவு, ஓத மானியின் பதிவு, ஐஃப்ளோஸ் முன்னறிவித்த வெள்ள வரைபடம் ஆகிய மூன்றையும் தேதிவாரியாக ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை வாயு மண்டலில் ஆங்கிலத்திலும், தனித் துண்டறிக்கையாக மராத்தி, இந்தி, தமிழ் மொழிகளிலும் வெளியிடலாம். முதல் ஆண்டில் மாட்டுங்கா, சயான், தாராவியை உள்ளடக்கிய வார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் குறையில்லை. கொலாபாவுக்கும் சாந்தாகுரூஸுக்கும் இடையே 2005-இல் அளக்கப்படாமல் போன பகுதி அதுதான்.